ஒளி பட்டால் மட்டும் செயல்படும் பிளாட்டினம் மருந்துகள் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவுமா?

கேட்கப்பட்டவை மூன்று. ஒளியால் தூண்டப்படும் பிளாட்டினம் சேர்மங்கள் சிஸ்பிளாட்டின் போன்ற இன்றைய மருந்துகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன? சில மருத்துவமனைகளில் ஏற்கெனவே அளிக்கப்படும் ஒளியியக்கச் சிகிச்சையும் இதுவும் ஒன்றுதானா? இவை நோயாளிகளுக்கு எப்போது கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வகையைச் சேர்ந்த எந்தப் பிளாட்டினம் மருந்தும் இதுவரை சிகிச்சைக்கான ஒப்புதலைப் பெறவில்லை. கிடைத்துள்ள முடிவுகளில் பெரும்பாலானவை சோதனைத் தட்டில் வளர்த்த செல்களிலும், ஓரளவு எலிகளிலும் கண்டவை. ஆயினும் இத்துறையை வெறும் ஆய்வக வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. இருளில் அடங்கியிருந்து ஒளியில் விழித்தெழும் மூலக்கூறு ஒன்றை உருவாக்கும் வேதியியல் பெருமளவு கைகூடிவிட்டது. கைகூடாமல் நிற்பது ஒளியைக் கட்டி வரை கொண்டுசேர்க்கும் வேலைதான் என்பது என் கணிப்பு.

பிளாட்டினம் மருந்துகளின் வரலாற்றில் ஒளி பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஒன்றன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற உயிர் இயற்பியலாளர், செல் பிரியும்போது அதனுள் தோன்றும் கதிர் வடிவம் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அமையும் வடிவத்தை ஒத்திருப்பதைக் கண்டு, செல் பிரிதலில் மின்புலத்துக்குப் பங்கு உண்டா என்று சோதிக்கத் தொடங்கினார். ஈ.கோலை பாக்டீரியாக்கள் வளரும் கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தியபோது, அவை பிரிவதை நிறுத்திவிட்டு இயல்பான நீளத்தைப் போல 300 மடங்கு வரை இழைகளாக நீண்டன. 1965இல் வெளியான இந்த முடிவுக்குக் காரணம் மின்புலம் அன்று. எதனோடும் வினைபுரியாது என்று நம்பப்பட்ட மின்முனையிலிருந்து மிகச் சிறிதளவு பிளாட்டினம் கரைந்து, கரைசலில் இருந்த குளோரைடோடும் அம்மோனியாவோடும் சேர்மமாகியிருந்தது. இதில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. ஆறு குளோரைடுகள் கொண்ட பிளாட்டினம் உப்பைப் புதிதாகக் கரைத்துச் சேர்த்தபோது இழைகள் தோன்றவில்லை. சில நாட்கள் வெளிச்சத்தில் கிடந்த கரைசல்தான் அந்த விளைவைத் தந்தது. ஒளி அந்தச் சேர்மத்திலிருந்து குளோரைடுகளை வெளியேற்றி, அவை இருந்த இடத்தில் அம்மோனியாவை அமர்த்தியிருந்தது. ஆக, இன்று நாம் பேசும் ஒளிவேதியியல் அந்த முதல் குடுவையிலேயே நடந்துவிட்டது.

அந்தத் தேடல் சென்று நின்ற சிஸ்பிளாட்டின் புதிய பொருளும் அன்று. இத்தாலிய வேதியியலாளர் மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே அதைத் தயாரித்திருந்தார். 1969இல் எலிகளின் கட்டிகளை அது கரைப்பது வெளியாயிற்று. 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உடலெங்கும் பரவிய நிலையிலுள்ள விந்தகப் புற்றுநோயைக்கூடப் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியதாக மாற்றியது இந்த மருந்தை அடிப்படையாகக் கொண்ட கூட்டுச் சிகிச்சையே. அதன் வழியில் கார்போபிளாட்டினும் ஆக்சாலிபிளாட்டினும் வந்தன.

சிஸ்பிளாட்டின் செயல்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் ஒளியின் தேவை விளங்கும். இரத்தத்தில் குளோரைடு மிகுதி; ஆகவே மருந்தின் இரு குளோரைடுகளும் பெரும்பாலும் இடம்பெயர்வதில்லை. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே நீர் மூலக்கூறு குளோரைடின் இடத்தைப் பிடிக்கிறது, பிறகு அந்த நீரும் விலக, பிளாட்டினம் டி.என்.ஏ.வில் உள்ள குவானின் காரத்தின் நைட்ரஜனோடு பிணைகிறது. அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின்களை அது சேர்த்துக் கட்டும்போது டி.என்.ஏ. இழை அந்த இடத்தில் வளைந்துவிடுகிறது. படியெடுத்தல் தடைப்பட்டுச் செல் இறக்கிறது. இந்த நிகழ்வில் புற்றுச் செல்லை மட்டும் தேர்ந்தெடுக்கும் படி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகக் குழல்களிலும், உட்செவியின் மயிர்ச் செல்களிலும், நரம்புகளிலும் அதே வேதியியல் நிகழ்கிறது. சிறுநீரகச் சேதமும் காது கேளாமையும் கை கால் மரத்துப்போதலும் கடும் வாந்தியும் அதன் விளைவுகள். போதாக்குறைக்கு, கட்டிகள் காலப்போக்கில் மருந்தை உள்ளே விடாமலும், குளுடாதையோன் என்ற கந்தகச் சேர்மத்தால் அதைப் பிடித்து முடக்கியும், வளைந்த டி.என்.ஏ.வை வெட்டிச் சீர்செய்தும் எதிர்ப்புத் திறன் பெற்றுவிடுகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிடலாம். சிஸ்பிளாட்டின் ஏற்றும் பையை ஒளி படாமல் மூடி வைப்பதைப் பார்த்துவிட்டு, அதுவும் ஒளியால் தூண்டப்படும் மருந்துதானோ என்று சிலர் நினைக்கிறார்கள். அது மருந்து சிதையாமல் பாதுகாக்கும் ஏற்பாடு மட்டுமே.

ஒளிக்காக வடிவமைக்கப்படும் சேர்மங்கள் பெரும்பாலும் +4 ஆக்சிஜனேற்ற நிலையில், அதாவது நான்கு எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கிடப்படும் நிலையில், உள்ள பிளாட்டினத்தைக் கொண்டவை. சிஸ்பிளாட்டினில் பிளாட்டினம் +2 நிலையில் இருக்கிறது. நான்கு ஈனிகள், அதாவது உலோக அணுவோடு பிணைந்து நிற்கும் அயனிகள் அல்லது மூலக்கூறுகள், அதைச் சுற்றித் தட்டையான சதுரமாக அமைகின்றன, மேலும் கீழும் திறந்திருப்பதால் பிற மூலக்கூறுகள் அணுகி வினைபுரிவது எளிது. +4 நிலையில் ஆறு ஈனிகள் எண்முகி வடிவில் எல்லாப் பக்கங்களையும் அடைத்துக்கொள்கின்றன. எலக்ட்ரான் அமைப்பும் இடமாற்ற வினைகளை மிக மெதுவாக்கிவிடுகிறது. ஆகவே இந்தச் சேர்மம் டி.என்.ஏ.வைத் தாக்காமல் சுற்றித்திரிய முடியும். யாராவது அதற்கு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து +2 நிலைக்கு ஒடுக்கினால், இரண்டு ஈனிகள் உதிர்ந்து வீரியமான மருந்து வெளிவரும். வாய்வழியாகக் கொடுக்கத்தக்கதென்று மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்ற சாட்ராபிளாட்டின் இந்த வகைதான். ஆனால் அதற்கு எலக்ட்ரான் கொடுப்பவை உடலில் இயல்பாகவே உள்ள குளுடாதையோனும் வைட்டமின் சியும் போன்றவை. அவை உடலில் எங்கும் உண்டு என்பதால் எங்கே விழித்தெழ வேண்டும் என்பதை மருத்துவர் தீர்மானிக்க முடியாது. எலக்ட்ரான் கொடுக்கும் வேலையை ஒளியிடம் ஒப்படைத்து, குளுடாதையோனுக்கு மட்டும் மசியாத மூலக்கூறைக் கண்டுபிடிப்பதே இத்துறை எடுத்துக்கொண்ட பணி.

முதல் முயற்சி 1990களில் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பெட்னார்ஸ்கியின் குழுவால் அயோடைடு ஈனிகளைக் கொண்டு செய்யப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே அவை வினைபுரிந்தன; ஆனால் குளுடாதையோன் இருளிலேயே அவற்றை விரைந்து ஒடுக்கிவிட்டது. ஒளிக்கு நன்றாக இணங்கும் பிணைப்பு பிற தூண்டுதல்களுக்கும் எளிதில் இணங்கிவிடும் என்ற இந்தத் தொல்லை இன்று வரை ஒவ்வொரு வடிவமைப்பிலும் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது.

திருப்புமுனை பீட்டர் சாட்லரின் குழுவிடமிருந்து வந்தது. முதலில் எடின்பரோவிலும் பின்னர் வார்விக் பல்கலைக்கழகத்திலும் இயங்கிய குழு அது. அயோடைடுக்குப் பதிலாக, மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஏறத்தாழ நேர்கோட்டில் அமைந்த அசைடு ஈனிகள் இரண்டையும், அவற்றோடு இரண்டு ஹைட்ராக்சைடுகளையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். இவற்றுள் அதிகம் பேசப்பட்டது 2007இல் வெளியான சேர்மம். எஞ்சிய இரண்டு இடங்களில் ஓர் அம்மோனியாவும், நைட்ரஜன் கொண்ட வளைய மூலக்கூறாகிய பிரிடின் ஒன்றும் எதிரெதிராக நிற்கும் டிரான்ஸ் வடிவம் அது. சிஸ்பிளாட்டினின் டிரான்ஸ் மாற்றியமாகிய டிரான்ஸ்பிளாட்டின் மருந்தாகப் பயனற்றது என்பது பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களில் உள்ள செய்தி. ஆகவே டிரான்ஸ் வடிவத்தை நாடியதே துணிச்சலான முடிவு. அந்தச் சேர்மம் இருளில் குளுடாதையோனோடு சேர்ந்திருந்தும் சிதையவில்லை. 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டபோது, ஒரே நிபந்தனைகளில் சோதித்த சிஸ்பிளாட்டினை விட 13 முதல் 80 மடங்கு வரை கூடுதலான வீரியத்தோடு செல்களைக் கொன்றது. சிஸ்பிளாட்டினுக்கு எதிர்ப்பு பெற்ற சூலகப் புற்றுச் செல்களிலும் ஏறத்தாழ 15 மடங்கு வீரியம் இருந்தது. உலோக அசைடுகள் அதிர்ச்சியில் வெடிக்கக்கூடியவை என்பதால் இவற்றை மிகச் சிறிய அளவிலும், ஒளிக்கு இணங்குபவை என்பதால் மங்கிய வெளிச்சத்திலும் கையாள வேண்டியிருக்கிறது.

ஒளித்துகள் ஒன்று வந்து மோதும் கணத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அசைடில் இருந்த எலக்ட்ரான் ஒன்று ஒளியின் ஆற்றலைப் பெற்றுப் பிளாட்டினத்தின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குத் தாவுகிறது. அந்த ஆர்பிட்டாலில் எலக்ட்ரான் நுழைந்தாலே பிளாட்டினத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்துவிடும். அசைடு தன் எலக்ட்ரானைப் பிளாட்டினத்திடமே விட்டுவிட்டு, இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, வினைத்திறன் மிக்க தனி உறுப்பாக வெளியேறுகிறது. இரண்டு அசைடுகளும் இவ்வாறு போனால் பிளாட்டினம் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று +2 நிலைக்கு வந்துவிடுகிறது. வெளியேறிய இரண்டு அசைடு தனி உறுப்புகளும் சேர்ந்தால் மூன்று நைட்ரஜன் மூலக்கூறுகள் வாயுவாகப் பிரிகின்றன. அதற்கு முன்பே அந்தத் தனி உறுப்புகள் அருகிலுள்ள உயிர் மூலக்கூறுகளைத் தாக்கவும் செய்யும்; டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் அவற்றை அணைத்துவிடுவதும், அதைச் செல்களுக்குக் கொடுத்தால் மருந்தின் கொல்திறன் குறைவதும் 2012இல் காட்டப்பட்டன. ஆக, ஒரே மூலக்கூறிலிருந்து இரண்டு ஆயுதங்கள் கிடைக்கின்றன: டி.என்.ஏ.வைப் பிணைக்கும் பிளாட்டினம் ஒன்று, எலக்ட்ரானைப் பறிக்கும் தனி உறுப்பு மற்றொன்று.

டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதமும் வேறு மாதிரியானது. அடுத்தடுத்த குவானின்களுக்கு மாறாக, இடையே ஒரு காரம் விட்டு நிற்கும் குவானின்களை இந்த டிரான்ஸ் பிளாட்டினம் கட்டுவதாகத் தெரிகிறது. இரு இழைகளுக்கு இடையிலும், டி.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் இடையிலும் பிணைப்புகள் காணப்பட்டன. சிஸ்பிளாட்டின் ஏற்படுத்தும் வளைவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் அமைப்பு இந்தச் சேதத்தைச் சரிசெய்வதில் பின்தங்குகிறது. எதிர்ப்பு பெற்ற செல்களும் இதற்குப் பணிவதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம். என் பார்வையில், ஒளியால் இடத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற வாக்குறுதியைக் காட்டிலும் இந்தப் புதிய சேதவகைதான் இத்துறையின் மதிப்புமிக்க கண்டுபிடிப்பு.

80 மடங்கு என்ற எண்ணைச் செய்திகளில் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இத்தகைய சோதனைகளில் செல்களோடு மருந்தைக் குறுகிய நேரமே வைத்து, ஒளி பாய்ச்சி, பிறகு மருந்தைக் கழுவிவிட்டு, செல்களை மீண்டும் வளரவிட்டு எண்ணுவது வழக்கம். சிஸ்பிளாட்டின் நீரேற்றம் நிகழ்ந்த பிறகே வேலை செய்யும் மெதுவான மருந்து. குறுகிய நேரத்தில் அது வீரியம் குறைந்ததாகவே தோன்றும். ஒப்பீடு தவறானதன்று, ஆனால் அது ஒளியூட்டலுக்கு ஏற்ற நிபந்தனைகளில் நடந்த ஒப்பீடு. அதைவிட நான் முதலில் தேடிப் பார்ப்பது, அதே சேர்மம் இருளில் எவ்வளவு நச்சாக இருக்கிறது, ஒளியில் எவ்வளவு நச்சாகிறது என்ற விகிதத்தை. அந்த விகிதம் சிறியதாக இருந்தால், ஒளியில் எவ்வளவு வீரியம் காட்டினாலும் ஒளி படாத சிறுநீரகத்துக்கு அதனால் ஆறுதல் இல்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒளியியக்கச் சிகிச்சையில் போர்ஃபிரின் போன்ற ஒளியுணர்வுப் பொருள் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, அதை வினைத்திறன் மிக்க ஒற்றைநிலை ஆக்சிஜனாக்குகிறது. செல்லைக் கொல்வது அந்த ஆக்சிஜனே. 1993இல் கனடாவில் முதலில் ஒப்புதல் பெற்ற ஃபோட்டோஃப்ரின் இவ்வகை மருந்து. ஆகவே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சை நொண்டுகிறது. வேகமாக வளரும் கட்டிகளின் உட்பகுதியோ பெரும்பாலும் ஆக்சிஜன் வறண்ட இடம், சிகிச்சையும் இருப்பதைத் தீர்த்துவிடுகிறது. ஒளியால் தூண்டப்படும் பிளாட்டினம் தன் பிணைப்பைத் தானே முறித்துக்கொள்வதால் அதற்கு ஆக்சிஜன் கட்டாயமில்லை. இதைச் சொல்லும் பலர் மறுபக்கத்தைச் சொல்வதில்லை: ஒளியுணர்வுப் பொருள் ஒரு வினையூக்கி, ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப ஒளியை வாங்கி ஆயிரக்கணக்கான முறை ஆக்சிஜனைத் தூண்ட முடியும். பிளாட்டினம் மூலக்கூறு ஒரு முறை வெடித்தால் அதோடு சரி. எனவே கட்டிக்குள் கணிசமான அளவு மருந்து சேர்ந்திருந்தால் மட்டுமே பயன் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெற்ற பாடெலிபோர்ஃபின் என்ற மருந்தைப் பிளாட்டினம் மருந்து என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் உள்ளது பிளாட்டினத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லேடியம், வேலை செய்யும் முறையும் ஆக்சிஜன் வழியானது.

இப்போது கடினமான இடம். அசைடு சேர்மங்கள் ஒளியை வலுவாக உறிஞ்சுவது 300 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாப் பகுதியில். அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் பகுதி வரை ஒரு மெலிந்த வால் மட்டுமே நீள்கிறது. 365 நானோமீட்டர் ஒளி தோலில் ஒரு மில்லிமீட்டர்கூட உருப்படியாக உள்ளே போவதில்லை. அதுவும் தானே டி.என்.ஏ.வுக்குத் தீங்கு செய்யக்கூடிய ஒளி. நீல ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர்கள் ஊடுருவும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை பயன்படலாம். ஆனால் அலைநீளம் கூடக் கூட ஆற்றல் குறைகிறது: 365 நானோமீட்டரில் ஒரு மோல் ஒளித்துகள்களின் ஆற்றல் சுமார் 328 கிலோஜூல், 650 நானோமீட்டரில் சுமார் 184 கிலோஜூல் மட்டுமே. பிணைப்பை முறிக்கப் போதுமான ஆற்றலுள்ள ஒளி உடலுக்குள் போகாது, உடலுக்குள் போகும் ஒளிக்குப் பிணைப்பை முறிக்க வலு போதாது என்ற இந்த முரண்பாட்டைத்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளின் ஆய்வு சுற்றிச் சுற்றி வருகிறது.

அம்மோனியாவையும் நீக்கிவிட்டு இரண்டு பிரிடின்களை வைத்த சேர்மம் 2010இல் நீல ஒளியிலும் பச்சை ஒளியிலும் தூண்டப்பட்டது முதல் முன்னேற்றம். அடுத்த வழி, பிளாட்டினம் தானாக ஒளியை உறிஞ்ச வேண்டியதில்லை என்று விட்டுவிட்டு, சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சும் சாயத்தை அதன் மேல் ஈனியாகக் கட்டுவது. ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தில் குவாங்யூ ஜூவின் குழு 2019இல் அறிவித்த ஃபோர்பிபிளாட்டின் அத்தகையது. பச்சையத்திலிருந்து பெறப்படும் பைரோஃபியோஃபோர்பைடு என்ற சாயம் ஆக்சாலிபிளாட்டினின் +4 வடிவத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டவுடன் சாயம் எலக்ட்ரானைப் பிளாட்டினத்துக்குக் கொடுக்க, ஏற்கெனவே மருத்துவத்தில் பழகிய ஆக்சாலிபிளாட்டினே வெளிவருகிறது. எலிகளின் கட்டிகளிலும் பலன் காணப்பட்டது. புத்தம்புதிய பிளாட்டினத்தை வெளிவிடும் சேர்மங்களைக் காட்டிலும், பக்கவிளைவுகள் நன்கு அறியப்பட்ட மருந்தை வெளிவிடும் இந்த வகைக்கே மருத்துவச் சோதனை வரை செல்லும் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஸ்பெயினில் லூக்கா சலாசாவின் குழு வைட்டமின் பி2 ஆகிய ரிபோஃபிளேவினை வினையூக்கியாக்கி, நீல ஒளியில் +4 பிளாட்டினத்தை +2க்கு மாற்றிக் காட்டியது; ஒரு மூலக்கூறு ஒரு முறைதான் என்ற குறையை வினையூக்கம் ஓரளவு ஈடுகட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்ரவர்த்தியின் குழு, மஞ்சளில் உள்ள குர்குமினைச் சிஸ்பிளாட்டினின் குளோரைடுகளுக்கு மாற்றாக வைத்த சேர்மத்தை 2015இல் வெளியிட்டது; அதில் பிளாட்டினம் தொடக்கத்திலேயே +2 நிலையில் உள்ளது, ஒளி செய்வது குர்குமினை விடுவிப்பதும் தூண்டுவதும்தான். ஆழமாகச் செல்லும் 980 நானோமீட்டர் ஒளியை உட்கொண்டு நீல ஒளியாக உமிழும் நானோ துகள்களையும் முயன்றிருக்கிறார்கள். உள்வாங்கும் ஆற்றலில் மிகச் சிறிய பங்கையே அவை திருப்பித் தருகின்றன என்பதாலும், அந்த அலைநீளத்தில் திசுவின் நீர் சூடேறுவதாலும், அந்தத் துகள்கள் உடலில் எவ்வளவு காலம் தங்கும் என்ற கேள்வியாலும், அந்த வழியில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஒளி சில மில்லிமீட்டர்களே போகும் என்பது எல்லா இடத்திலும் தடையாகாது. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலோட்டமாகப் பரவும் புற்று, உணவுக்குழாயின் உட்பூச்சில் தொடங்கும் புற்று, தோல், வாய்க்குழி ஆகியவை உள்நோக்கியாலோ ஒளியிழையாலோ எட்டக்கூடிய, தடிமன் குறைந்த நோய்கள். சிறுநீர்ப்பைக்கு ருதீனியம் சேர்மம் ஒன்று ஒளியியக்க முறையில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுவருவது, உலோகச் சேர்மத்தையும் ஒளியையும் அங்கே கொண்டுசெல்ல முடியும் என்பதற்குச் சான்று. கட்டியை அறுத்தெடுத்த பின் விளிம்பில் எஞ்சியிருக்கும் செல்களை அழிக்க அறுவை அரங்கிலேயே ஒளி பாய்ச்சுவது மற்றொரு பொருத்தமான பயன். ஆனால் புற்றுநோயால் நேரும் மரணங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் உடலின் பல இடங்களுக்குப் பரவிய நோய். எங்கெங்கே இருக்கிறது என்றே தெரியாத சிறு கட்டிகளுக்கு ஒளி காட்ட முடியாது. சிஸ்பிளாட்டினின் வலிமையே இரத்தம் போகும் இடமெல்லாம் போவதுதான். எனவே கீமோதெரபிக்கு இது மாற்றாக வரும் என்ற எதிர்பார்ப்பு சரியன்று. அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய, ஓர் இடத்துக்கான சிகிச்சை இது.

மருந்தகத்தின் பார்வையில் இன்னும் சில கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. ஊசி போட்ட பிறகு கட்டியில் மருந்து உச்சத்தை எட்டும் நேரம் எது, ஒளி படாமல் எஞ்சிய மருந்து சிறுநீரில் முழுமையாக வெளியேறுகிறதா, அல்லது சில நாட்களில் எங்கேனும் தானே ஒடுங்கிச் சாதாரணப் பிளாட்டினம் மருந்தாகிவிடுகிறதா என்பவை விலங்குகளில் அளந்து பார்க்க வேண்டியவை. ஃபோட்டோஃப்ரின் பெற்றவர்கள் குறைந்தது 30 நாட்கள் வெயிலையும் கடும் வெளிச்சத்தையும் தவிர்க்க வேண்டியிருக்கிறது. பகல் வெளிச்சத்துக்கே இணங்கும் பிளாட்டினம் சேர்மத்துக்கும் அத்தகைய காலக்கெடு வகுக்க நேரிடும், அது குறுகியதாக இருக்குமா என்பது மருந்து வெளியேறும் வேகத்தைப் பொறுத்தது. மேலும், இங்கே மருந்தை மட்டும் தனியாக ஒப்புதலுக்கு அனுப்ப முடியாது. எந்த அலைநீளம், எவ்வளவு நேரம், எவ்வளவு செறிவு, எந்த ஒளியிழை என்பனவும் மருந்தளவோடு சேர்ந்தே சோதிக்கப்பட வேண்டும். வேதியியல் ஆய்வகம் ஒன்று தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று அது. இத்தனை ஆய்வுகள் வெளியாகியும் ஒளியால் தூண்டப்படும் பிளாட்டினம் இன்னும் படுக்கையருகே வராததற்கு இதுவும் ஒரு காரணம்.